எந்த அதிகாரம்

முத்துப்பேச்சி மூன்றாம் பக்கத்தைப் புரட்டியபோதுதான் தவமணிக்கு உறைத்தது, இந்தப் பெண் வேறு எதையோ எழுதிக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று. முதல் இரண்டு பக்கம் வணக்கத்திலும் முன்னுரையிலும் போய்விட்டது, அதை எந்தக் கருத்தரங்கிலும் யாரும் கேட்பதில்லை, தவமணியும் கேட்கவில்லை. துறைத்தலைவர் வேதமாணிக்கம் மேசையின் தலைமாட்டில் கண்ணை மூடிச் சரிந்திருந்தார், தவமணிக்கு இடப்பக்கம் சக விரிவுரையாளர் ஜெபராஜ் லேப்டாப்பைத் திறந்துவைத்து யாருக்கோ மெயில் எழுதிக்கொண்டிருந்தான், மின்விசிறி சுற்றுக்கொரு தரம் டக்கென்று எதிலோ இடித்துக்கொண்டு சுற்றியது, மத்தியானம் இரண்டு மணி வெயில் மேசையின் பாதி வரைக்கும் வந்து படுத்திருந்தது. அந்த மந்தத்துக்குள்தான் அந்தப் பெண்ணின் குரல், ஒரு நூலை இத்தனை அதிகாரம் என்று பிரித்தது யார், பிரிக்கச் சொல்லி அவரிடம் யார் கேட்டது, என்று வாசித்தது. நூலையா. தவமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கலைப்புலத்தின் வெள்ளிக்கிழமை செமினாருக்கு இந்தப் பருவம் எடுத்துக்கொண்ட கருத்து அதிகாரம், அதாவது ஒருத்தர் சொன்னால் இன்னொருத்தர் கேட்கிற அதிகாரம், ராஜாவுக்கும் அப்பனுக்கும் தாசில்தாருக்கும் இருக்கிற அதிகாரம். அதைத் தமிழ்க்காரர்களும் வரலாற்றுக்காரர்களும் தத்துவக்காரர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பதினைந்து வாரம் மெல்ல வேண்டும் என்பது வேதமாணிக்கத்தின் ஏற்பாடு. இது முதல் வாரம், முதல் கட்டுரை. அறிவிப்புப் பலகைக்குத் தவமணிதான் தட்டச்சு செய்தாள். கீழே நாலு வரி விளக்கம் போடட்டுமா ஐயா என்று கேட்டதற்கு, ஒத்தச் சொல் போதும்மா, சொல்லைப் பார்த்து அவங்களே யோசிக்கட்டும் என்றார். யோசித்துவிட்டாள். முதல் அதிகாரம், இரண்டாம் அதிகாரம் என்று புத்தகத்தில் போட்டிருக்குமே, அந்த அதிகாரத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்.

சிரிப்பு வந்தது, வந்தது பாதியில் நின்றது, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அவள் வேதமாணிக்கத்தின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். பணி நீட்டிப்புக் கோப்பு அவர் மேசையில் கிடந்தது, பறக்காமல் இருக்க மேலே அவருடைய கண்ணாடிக் கூடு. பதினொரு வருஷமாக அவள் இந்தப் பல்கலைக்கழகத்தில் கௌரவ விரிவுரையாளர், அந்தப் பெயரை வைத்தவன் எவனோ, கையில் கிடைத்தால் கேட்க வேண்டும், இதில் கௌரவம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று. வருஷா வருஷம் மே மாதத்தோடு வேலை செத்துப்போகும், ஜூலையிலோ ஆகஸ்டிலோ துறைத்தலைவர் எழுதிக்கொடுத்தால் மறுபடி உயிர் வரும், அதுவரைக்கும் உத்தரவு இல்லாமலே வந்து வகுப்பெடுக்க வேண்டும், வராமலிருந்தால் ஆர்வமில்லை என்று எழுதிவிடுவார்கள். போன வருஷம் வரை துறைக்கு இரண்டு இடம். இந்த வருஷம் ஒன்றுதான். திங்கட்கிழமை ஒரு பெயர் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும், ஒன்று அவள் பெயர், இல்லாவிட்டால் இரண்டே வருஷத்துக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஜெபராஜின் பெயர். அதைக் கேட்கத்தான் போனாள். பார்க்கலாம்மா என்றார். பதினொரு வருஷமும் அதே பார்க்கலாம்மா, பார்த்தபாடில்லை. வயிறு எரிய வெளியே வந்து மாடிப்படி இறங்குகிறாள், கீழ்ப்படியில் இந்தப் பெண் நிற்கிறாள், எண்ணெய் வழிய இழுத்துப் பின்னின சடை, கையில் ஒரு நோட்டு, மேடம், அதிகாரம்னு போட்டிருக்கு, எந்த அதிகாரம் மேடம் என்கிறாள். தவமணி நிற்கக்கூட இல்லை. நூல்ல இருக்கிற அதிகாரம்தான்மா, நமக்கு வேற எந்த அதிகாரம் இருக்கு, என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள். அது கிண்டல். தன்னைத் தானே குத்திக்கொண்ட கிண்டல். பஸ்ஸில் போகும்போது அது நல்ல கிண்டல் என்றுகூடத் தோன்றியது, வீட்டில் கணவனிடம் சொன்னாள், அவர் சிரிக்கவில்லை, பால் பாக்கெட் வாங்கினாயா என்றார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். இந்தப் பெண்ணும் அன்றைக்குச் சிரிக்கவில்லை, சரி மேடம் என்றாள், அந்தச் சரியை இப்போது நினைத்துப் பார்த்தால் அதில் சிரிப்பின் சாயலே இல்லை, வகுப்பில் குறிப்பெடுத்துக்கொள்கிற சரி அது.

கழுதை, ஒரு கிண்டலைக் கிண்டல் என்று தெரிந்துகொள்ளத் துப்பில்லாதது எம்.ஏ. படிக்க வந்துவிட்டது. பக்கத்தில் இருக்கிறவளைக் கேட்டிருக்கலாம், சீனியரைக் கேட்டிருக்கலாம், ஹாஸ்டலில் நூறு பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்திக்குமா தெரியாது. கேட்டிருக்க மாட்டாள். டீச்சர் சொல்லியாயிற்று, இனி எதற்கு இன்னொருத்தரைக் கேட்க. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்து முதல் வருஷம் சேர்ந்திருக்கிறாள், வீட்டில் இதற்கு முன்னால் யாரும் கல்லூரிப் படி ஏறினதில்லை என்று அறிமுக வகுப்பில் சொன்னாள், அப்படிப்பட்டதுகளுக்கு டீச்சர் சொன்னது கல்லில் வெட்டினதுதான், தவமணிக்குத் தெரியாதா, அவளும் அப்படி வந்தவள்தானே. வந்தவள்தான். அதனால் பாவமாக இருந்ததா என்றால் இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. தான் இருந்த மாதிரியே இன்னொருத்தி வந்து நிற்பதைப் பார்க்க யாருக்குப் பிடிக்கும். நிறுத்திவிடு, ஐயா எனக்குத் தலைப்புத் தப்பாகப் புரிந்துவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிடு என்று அவள் மனசுக்குள் அந்தப் பெண்ணை அதட்டினாள். அந்தப் பெண் நிறுத்தவில்லை. நான்காம் பக்கம் போய்விட்டாள். நூலகத்தில் ஒரு பழைய நீதிநூலின் இரண்டு பதிப்பைப் பார்த்திருக்கிறாளாம். இரண்டிலும் அதே பாட்டுகள், அதே சொல், ஓர் எழுத்து மாற்றமில்லை. அதிகாரத்தின் பெயர் மட்டும் வேறு. புருஷனிடம் எதிர்த்துக் கேள்வி கேட்கிற ஒருத்தியைப் பற்றிய பாட்டு பழைய பதிப்பில் இல்லறம் என்கிற அதிகாரத்தில் இருக்கிறது, பிந்திய பதிப்பில் பேதைமை என்கிற அதிகாரத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் முத்துப்பேச்சி தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். எழுதி வந்ததை விட்டுவிட்டு, தன் பேச்சிலேயே சொன்னாள்.

"பாட்டு மாறல. மேல இருக்கிற பேர் மாறுனதும் அந்தப் பொம்பள மாறிப்போயிட்டா."

தவமணிக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது, உடனே கோபம் வந்தது. ஏழு வருஷம் அவள் ஆய்வு செய்தாள், நானூறு பக்கம், உவமை எத்தனை உருவகம் எத்தனை என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தாள், அந்த நானூறு பக்கத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. இருந்திருந்தால் நெறியாளர் சிவப்பு மையில் அடித்திருப்பார். இந்தச் சின்னப்பெண், சேர்ந்து நாலு வாரம் ஆகவில்லை, தலைப்பையே தப்பாக எடுத்துக்கொண்டு வந்து, தப்பான வழியிலேயே நடந்து நேரே சரியான வீட்டு வாசலில் போய் நிற்கிறது. பெயர் வைக்கிறவன் கையில்தானே இருக்கிறது எல்லாம். இல்லறம் என்று சொன்னால் இல்லறம், பேதைமை என்று சொன்னால் பேதைமை, கௌரவம் என்று சொன்னால் கௌரவம். இதைவிட வேறு எதை இந்த வேதமாணிக்கம் பதினைந்து வாரம் பேசப்போகிறார். வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து மூன்று வகை, நான்கு வகை என்று பட்டியல் போடுவார், அதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும். இந்தப் பெண் வகை எதுவும் தெரியாமலே நடுவில் கையை வைத்துவிட்டாள். இதை இந்த மேசையில் புரிந்துகொண்டது தான் ஒருத்திதான் என்று தவமணிக்குத் தெரிந்தது, தெரிந்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை, பக்கத்து வீட்டில் நல்ல குழம்பு கொதிக்கிற வாசனை மாதிரி அது வயிற்றைக் கிள்ளியது.

அந்த நேரம் வேதமாணிக்கம் கண்ணைத் திறந்தார். அவர் கண்ணைத் திறந்தால் அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஜெபராஜ் மெயிலை மூடினான், ஒரு பையன் கொட்டாவியைப் பாதியில் விழுங்கினான். எந்தக் கருத்தரங்கிலும் அவர் முதலில் பேசமாட்டார், முதலில் பேசுகிறவன் சின்னவன், கடைசியில் பேசுகிறவன் பெரியவன் என்பது அவர் வைத்திருக்கிற முறை, இடையில் பேசினால் யாருக்கோ கேடு. என்னம்மா வாசிக்கே என்றார். அதிகாரம் ஐயா. அது தெரியுது, எந்த அதிகாரம். நூல்ல இருக்கிற அதிகாரம் ஐயா. அவர் உடனே சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார், சிரிக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் அனுமதி கொடுத்துக்கொண்டே வருகிற மாதிரி, பிறகு சிரித்தார். முதலில் ஜெபராஜ் சிரித்தான். பிறகு வரலாற்றுப் பிள்ளைகள், பிறகு தமிழ்ப் பிள்ளைகள், அவர்களுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தவமணியும் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள் என்றாலும் சிரித்தாள், கன்னம் தானாக ஏறியது, இறக்கத் தெரியவில்லை. வாசி வாசி, அதிகாரம் முடிஞ்சதும் பொருளடக்கம் இருக்கு, பிழைதிருத்தம் இருக்கு, அட்டைப்படம் வரைக்கும் போயிட்டு வா, நமக்கென்ன அவசரம் என்றார் அவர். அந்தப் பெண் எல்லோரையும் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை, விளங்காதபோது பிள்ளைகள் என்ன செய்யுமோ அதைச் செய்தாள், தானும் லேசாகச் சிரித்துவிட்டு, வாசிக்கச் சொன்னதால் வாசித்தாள்.

இப்போது சொல்லிவிடலாம். ஐயா, ஒரு சின்ன விஷயம், அந்தப் பெண் தலைப்புக்குள்ளேதான் இருக்கிறாள், நூலைப் பிரிக்கிற அதிகாரமும் அதிகாரம்தானே, என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமையைப் பற்றி வாயே திறக்க வேண்டியதில்லை, அந்தப் பெண்ணும் பிழைத்துக்கொள்வாள், தானும் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் சின்ன விஷயம் என்று எதற்குச் சொல்ல வேண்டும். சின்ன விஷயம் இல்லையே. ஐயா, எனக்கு ஒன்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்றால் உனக்கு என்னம்மா தோன்றும் என்பார், போன வருஷம் அப்படித்தான் கேட்டார், இருபது பேருக்கு முன்னால். ஐயா நீங்கள் சொல்ல வந்ததைத்தான் அந்தப் பெண் வேறு விதமாகச் சொல்கிறாள். இது நல்ல வாக்கியம், அவருக்கும் ஒரு பூ வைத்தாயிற்று. ஆனால் அவர் இப்போதுதான் சிரித்து முடித்தார். அவர் சிரித்த ஒன்றை நல்லது என்று சொன்னால் அவர் சிரித்தது தப்பு என்று ஆகும், இந்த அறையில் அவர் சிரித்தது தப்பு என்று யாரும் சொன்னதில்லை, திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஐயா சிரிக்கச் சிரிக்கச் சொன்னாலும், என்று தொடங்கினால். சிரிக்கச் சிரிக்க என்பது இங்கே பொருந்துமா. வாக்கியம் முதலிலிருந்து உதிர்ந்தது, மறுபடி கட்டினாள், ஐயா என்பது மட்டும் நின்றது, அதற்குப் பின்னால் எது வந்தாலும் நிற்கவில்லை. மின்விசிறி டக்கென்றது. எட்டாம் வகுப்பில் அமலி என்று ஒருத்தி இருந்தாள். வகுப்புத் தலைவி. டீச்சர் வெளியே போனால் அவள் கரும்பலகையில் ஓரமாகக் கோடு போட்டு, பேசியவர்கள் என்று தலைப்பு எழுதிக் காத்திருப்பாள். ஒருநாள் அதன் கீழே தவமணி பெயரை எழுதினாள். தவமணி அன்றைக்குப் பேசவில்லை. பல்வலி, கன்னம் வீங்கி, பேசவே முடியாது, வாயைத் திறக்க முடியாததைக் காட்டக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. டீச்சர் வந்து, போர்டில் பேர் இருக்குல்லா என்றாள், ஸ்கேலால் விரல் முட்டியில் நான்கு அடி, எலும்பில் பட்ட இடம் இன்றைக்கும் மழைக்காலத்தில் தெரிகிறது என்று தவமணி சொல்லுவாள், அது பொய், தெரியாது, ஆனால் அமலியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை என்பது நிஜம். முப்பது வருஷம் ஆகிறது. ஒரு கல்யாண வீட்டில் அமலி ஓடிவந்து கையைப் பிடித்தாள், இரண்டு பிள்ளை, தலை நரைத்திருந்தது, அவளுக்கு எதுவுமே ஞாபகமில்லை. அதுதான் தாங்கவில்லை. எழுதினவளுக்கு மறந்துவிடும்.

பன்னிரண்டாம் பக்கம் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா. வாக்கியம் இன்னும் தயாராகவில்லை. முத்துப்பேச்சி முடிவுரை வாசித்தாள், நன்றி சொன்னாள், தாளை அடுக்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்தினாள். யாரும் கைதட்டவில்லை, வேதமாணிக்கம் தட்டினால்தான் தட்டுவார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேர்வையில் தவமணியின் முதுகில் புடவை ஒட்டிக்கொண்டது, நாற்காலியில் சாய்ந்தால் தெரியும் என்று சாயாமல் இருந்தாள். கடவுளே, இப்படியே விட்டுவிடட்டும், அடுத்த வாரம் யார் என்று கேட்டு முடித்துவிடட்டும். அவர் விடவில்லை. ஜெபராஜைப் பார்த்து, என்ன சார் சொல்லுதீங்க என்றார். ஜெபராஜ் தொண்டையைச் செருமி, உழைப்புத் தெரிகிறது ஐயா, கருத்தரங்கின் பொருளோடு தொடர்பில்லை என்பதுதான் குறை என்றான். அவனுக்கும் தெரிந்திருக்கும், முட்டாள் இல்லை, அந்தப் பெண் எங்கே கையை வைத்தாள் என்பது அவனுக்கும் புரிந்துதான் இருக்கும், அவனுக்கும் திங்கட்கிழமை இருக்கிறது. வேதமாணிக்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் பேசினார், குரல் அன்பாக இருந்தது, அவர் குரல் அன்பாகும்போதுதான் பயம்.

"உன் மேல தப்பு இல்லம்மா. நீ புதுசு. நூல்ல இருக்கிற அதிகாரம்னு உனக்கு யாரு சொன்னா?"

ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் தவமணி எத்தனையோ இடத்துக்குப் போய்வந்தாள். சொல்லமாட்டாள், நானாக நினைத்துக்கொண்டேன் என்பாள், பிள்ளைகள் ஆசிரியரைக் காட்டிக்கொடுக்காது. சொன்னால்தான் என்ன, கிண்டலாகச் சொன்னேன் ஐயா, பாவம் அது நிஜம் என்று எடுத்துக்கொண்டது என்று சிரித்துச் சமாளிக்கலாம். கிண்டல் என்றால் என்ன கிண்டல் என்று கேட்பார். நமக்கு வேற எந்த அதிகாரம் இருக்கு என்று சொன்னேன் ஐயா, உங்கள் அறையிலிருந்து வெளியே வந்த கையோடு சொன்னேன். அதை எப்படிச் சொல்வது. அதைச் சொன்னால் கோப்பின் மேலிருக்கிற கண்ணாடிக் கூடு இன்னும் ஒரு வருஷத்துக்கு நகராது. முத்துப்பேச்சியின் முகம் தெளிந்துவிட்டது. அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, அவள் மனசில் அப்படி ஒன்றே இல்லை, இந்தக் குழப்பத்தை ஒரு நொடியில் தீர்த்துவைக்க ஆள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறது என்கிற நிம்மதி அது. தவமணியை நேராகப் பார்த்தாள், உதவிக்கு அழைக்கிற பார்வை.

"தவமணி மேடத்துட்ட கேட்டேன் ஐயா. மேடந்தான் சொன்னாங்க."

ஜெபராஜின் விரல் லேப்டாப்பின் மேல் அப்படியே நின்றது. வேதமாணிக்கம் தலையை மட்டும் திருப்பினார். எல்லா முகமும் திரும்பிற்று, பதினைந்து முகம், வெயில் விழுந்த பாதியும் நிழல் விழுந்த பாதியும். சொல்லவில்லை என்று சொல்லப்போகிறோம் என்று தவமணிக்கே தெரியாது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், அப்படித்தான் அவள் பிறகு பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பதினொரு வருஷம் இலக்கணம் நடத்தின வாய் அது. எந்தச் சொல்லை எங்கே மடித்தால் எது எதுவாகும் என்று அதற்குத் தெரியும், அது தன் பாட்டுக்கு மடித்துவிட்டது.

"நூல்களைப் பாருங்கன்னு சொன்னேன் ஐயா. அதிகாரம்னா என்னன்னு நூல்களைப் பாருங்கன்னு. அவ காதுல எப்படி விழுந்துச்சோ."

சொல்லி முடித்ததும் பயந்தாள். இனி கேட்பார்கள். எப்போது சொன்னீர்கள், எங்கே, யார் இருந்தார்கள், முழு வாக்கியத்தையும் சொல்லுங்கள் என்பார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் சொன்னதை ஒருவரும் ஒரு தடவையில் ஏற்றதில்லை. எம்.ஏ. தேறினவள் என்பதற்கு வருஷா வருஷம் சான்றொப்பமிட்ட நகல், பிறந்தவள் என்பதற்கு நகல், கணவர் பெயர் கணவர் பெயர்தான் என்பதற்கு நகல், காய்ச்சல் என்று சொன்னால் டாக்டர் சீட்டு, நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றால் ரசீது எங்கே. அதனால் காத்திருந்தாள். வேதமாணிக்கம் அதானே என்றார். அதானே, மேடம் அப்படிச் சொல்லுவாங்களா, என்றார். ஜெபராஜ் தலையை ஆட்டினான், இவளை இந்த இடத்தில் லேசாக ஒரு தள்ளுத் தள்ளினால் திங்கட்கிழமை அவனுடையது, அந்த ஜெபராஜும் ஆமாம் என்று தலையை ஆட்டினான், அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. பதினைந்து முகமும் அவளை விட்டுவிட்டு முத்துப்பேச்சியின் பக்கம் திரும்பின. முடிந்தது. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் ஒன்று சொல்கிறாள், பெண் ஒன்று சொல்கிறாள், இதில் கேட்க என்ன இருக்கிறது. தவமணிக்கு முதலில் நம்ப முடியவில்லை, பிறகு வெட்கமாக இருந்தது, அதற்கும் பிறகு, சொல்வதற்கென்ன, நன்றாக இருந்தது. வெயிலில் நடந்து வந்தவள் மண்பானைத் தண்ணீர் குடித்த மாதிரி உள்ளே குளிர்ந்துகொண்டு இறங்கிற்று. நாற்காலியில் சாய்ந்தாள். புடவை ஒட்டினால் ஒட்டட்டும்.

வேதமாணிக்கத்துக்கும் திருப்தியாகிவிட்டது. இதுதான் இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கஷ்டம், சொல்கிறதைக் காதில் வாங்குவதில்லை, பாதி கேட்டுவிட்டு மீதியைத் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள் என்று பத்து நிமிஷம் பேசினார். பேச்சோடு பேச்சாக, தவமணிம்மா, இந்த வருஷம் பூராவும் இந்த செமினாரை நீங்கதான் கூட இருந்து கவனிச்சுக்கிடணும், பிள்ளைங்களுக்கு அடிப்படையிலேருந்து சொல்ல ஆள் வேணும் என்றார். இந்த வருஷம் பூராவும். அவள் அதைத் திரும்பத் திரும்பக் காதுக்குள் கேட்டுக்கொண்டாள். ஜெபராஜுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், லேப்டாப்பை மெதுவாக மூடினான். ஆக, கிடைத்துவிட்டது. ஒரு வாக்கியத்தில், அதுவும் வாசலில் நின்று கெஞ்சாமல். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது, அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள், முத்துப்பேச்சியை மட்டும் பார்க்காமல் இருந்தால் போதும். பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் உட்காரவில்லை, உட்காரச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுதால்கூடச் சமாளிக்கலாம். அவள் தன் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், செவ்வாய்க்கிழமை என்று தேதி போட்டு எழுதின பக்கமாகத்தான் இருக்கும், புருவத்தைச் சுருக்கி, வேறு யாருடைய கையெழுத்தையோ வாசிக்கிற மாதிரி அதை வாசித்துக்கொண்டிருந்தாள். எடுத்து நீட்டப்போகிறாள் என்று தவமணி நினைத்தாள். இதோ மேடம் நீங்க சொன்னது, அப்படியே எழுதி வச்சிருக்கேன், என்று நீட்டுவாள். நீட்டட்டும், நீட்டினால் என்ன சொல்லலாம் என்று யோசித்தாள், அதற்கும் ஒரு பதில் உடனே வந்தது, அவ்வளவு சுலபமாக வந்ததுதான் பயமாக இருந்தது.

"நாந்தான் தப்பா எழுதிட்டேன் மேடம்," என்றாள் முத்துப்பேச்சி. "மன்னிச்சிருங்க."

பரவால்ல என்றாள் தவமணி. பரவால்லம்மா, உக்காரு. தன் குரல் இவ்வளவு அன்பாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பெண் உட்கார்ந்தாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள், நோட்டில் எழுதியிருந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள், அது போதாது என்று இன்னொரு கோடு போட்டாள், பிறகு நிமிர்ந்து, அன்னைக்கு நீங்க சொன்னத இன்னொருக்கச் சொல்லுங்க மேடம், சரியா எழுதிக்கிடுதேன் என்றாள். கிண்டல் இல்லை. அவளுக்குக் கிண்டல் தெரியாது. வேதமாணிக்கம் சொல்லுங்கம்மா என்று கையைக் காட்டினார், மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பேனாவை எடுத்தார்கள். தவமணி சொன்னாள். எழுதுகிறவர்களுக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்தி, அதிகாரம் என்றால் என்ன என்று நூல்களைப் பாருங்கள், என்று சொன்னாள். முத்துப்பேச்சி பாதியில் எழுதுவதை நிறுத்தினாள், இனி எதையும் தானாக எழுத அவளுக்குத் தைரியம் இல்லை.

"நூல்களை, பாருங்கள். நடுவில ப் வருமா மேடம்?"

"வரும்," என்றாள் தவமணி. "இரண்டாம் வேற்றுமை. கட்டாயம் வரும்."